பியானோ அக்காவின் பிரெஞ்சுக்காரர்கள்

அந்தப் பள்ளியில் எல்லோரும் அவளைப் பியானோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கும் அக்கா, அந்தக் குழந்தையைக் கூட்டிப்போக வரும் தாத்தாவுக்கும் அக்கா. பாலே நடனம் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. பழைய கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் நீளமான கூடம். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, எதிர்ப்பக்கம் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள மரக்கம்பி, மூலையில் கறுப்புப் பியானோ. பிள்ளைகள் கண்ணாடியைப் பார்த்து நிற்பார்கள். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

வேலை இதுதான். டீச்சர் கைதட்டி, "முழங்கால் மடங்கட்டும், எட்டு" என்பார். எட்டு எண்ணிக்கைக்கு வாசிக்க வேண்டும். யாராவது ஒரு பிள்ளையின் இடுப்பு கோணியிருந்தால் டீச்சர் நிறுத்திவிடுவார். அவளும் கையை எடுத்துவிட வேண்டும். இடுப்பு நேரானதும் மறுபடி எட்டு. பிறகு இடதுகால், அதற்கும் எட்டு. மாலை முழுக்க இப்படித்தான். ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வாசித்த நாள் என்று ஒன்றை அவளால் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போகும்போது மணிக்கட்டு இரண்டும் யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்தது மாதிரி இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகளைத்தான் வாசித்தாள். டீச்சருக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, தெரிஞ்ச பாட்டு வேண்டாம். பிள்ளைங்க பாட்டு கூடவே முணுமுணுத்துக்கிட்டு காலை மறந்துடுதுங்க. யாருக்குமே தெரியாத பாட்டா இருந்தா நல்லது."

யாருக்குமே தெரியாத பாட்டுகள் அவளிடம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. இசை படித்த காலத்தில், மூடப்போகிற கடையொன்றில் அச்சடித்த பழைய பியானோ நோட்ஸ்களைக் கட்டுக்கட்டாக மலிவாகத் தள்ளிவிட்டார்கள். எடுத்துவந்து பிரித்துப் பார்த்தால் எல்லாம் போன நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்கள். உலகம் பேர் சொல்லுகிற இரண்டு மூன்று பெரிய ஆட்கள் அதில் இல்லை. கூட்டமாக எடுத்த படத்தில் அந்தப் பெரிய ஆட்களுக்குப் பின்னால் தலை மட்டும் தெரிய நிற்பார்களே, அவர்கள். அந்தப் பெட்டி பல வீடு மாறியும் மறுபடி பிரிக்கப்படாமல் கட்டிலுக்கடியில் கிடந்தது. டீச்சர் கேட்டதால் வெளியே வந்தது.

அவர்கள் பெயர் எதுவும் அவள் வாயில் நுழையவில்லை. எழுதியிருப்பது ஒன்று, சொல்ல வேண்டியது வேறொன்று, கடைசியில் நிற்கிற எழுத்துகள் சும்மா பார்வைக்கு. அதனால் அவளே பெயர் வைத்தாள். ஒருவர் கடற்படை அதிகாரியாக இருந்தவர். கப்பலில் தன் அறையிலேயே ஒரு பியானோ வைத்துக்கொண்டு வேலை போக மிச்ச நேரத்தில் எழுதியவர். அவர் கப்பல்காரர். மார்பு வரை தாடி வளர்த்தவர் தாடிக்காரர். போரில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகும் சிப்பாயாக இருந்து முப்பது வயதுக்குள் செத்துப்போனவன் மோட்டார்பையன். இசை படிக்கக்கூடாது என்ற அப்பாவின் மேல் கோபத்தில் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்ட பெண்மணி ஒருவர், அவர் பேர்மாத்தி அம்மா. இன்னொருவரைப் பற்றி எங்கே தேடியும் ஒரு புகைப்படம்தான் கிடைத்தது. அதிலும் முகத்தில் பாதியைக் குடை மறைத்திருந்தது. அவர் குடைக்காரர்.

ஆரம்பத்தில் அவர்கள்மேல் அவளுக்குப் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. தையல்காரருக்குத் துணி எப்படியோ அப்படி. எட்டுக்குப் பொருந்தாத இடத்தில் வெட்டுவாள், குறைகிற இடத்தில் ஒட்டுப்போடுவாள். பாலம் ஏறி இறங்குகிற மாதிரி ஒரு வரி வந்தால் நேராக்கிவிடுவாள். அவர்களில் யாரும் கேட்க வரப்போவதில்லை. பிறகு எப்போது என்று சொல்ல முடியாது, வெட்டும்போது கை தயங்க ஆரம்பித்தது. தாடிக்காரரின் ஒரு பாட்டில் இரண்டு கையும் வேறு வேறு வீட்டில் வாசிப்பதுபோல் இருக்கும். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் சுவர். அந்தச் சுவரை இடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதை வகுப்பில் வாசிக்காமல் தனியே எடுத்துவைத்தாள். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொல்லத் தெம்பு இல்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவரும் சாயங்காலம் கிரீஸ் வாசனையோடு, நடுமுதுகைப் பிடித்துக்கொண்டு வருவார். இருவரும் நாற்காலியில் சரிந்து, காலை முக்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, யார் எழுந்து டீ போடுவது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"உன் பிரெஞ்சுக்காரங்க எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பார்.

ஒருநாள் அவள், "ஒரு விஷயம் படிச்சேங்க. பேர்மாத்தி அம்மா இருக்காங்கல்ல, அவங்க எண்பது வயசுக்கு மேல ஒரு பள்ளிக்கூடத்துல வேலைக்குப் போயிருக்காங்க. என்ன வேலை தெரியுமா? சின்னப் பிள்ளைங்க ஆடிக் குதிக்கிற வகுப்புக்குப் பியானோ வாசிக்கிற வேலை" என்றாள்.

"உன் வேலையா?"

"என் வேலையேதான்."

அவர் கொஞ்சநேரம் யோசித்தார். "எண்பதுக்கு மேலயா?"

"ஆமா."

"அப்போ உனக்கு இன்னும் இருபத்தஞ்சு வருஷம் பாக்கி இருக்கா?"

அவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படித்தபோது அவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய மனுஷியும் நானும் ஒரே நாற்காலியில் என்று. ஆனால் கொஞ்சநேரத்தில் பெருமை வடிந்துபோய், அந்தக் கிழவியின் மணிக்கட்டைப் பற்றித்தான் நினைப்பு ஓடியது. அன்றைக்கு அவரே எழுந்து டீ போட்டார்.

கூடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று டீச்சர் சொன்னது குளிர் குறைந்த ஒரு மாலையில். கடைசிப் பிள்ளையும் போன பிறகு, பியானோமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். டீச்சருக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. முழங்கால் இரண்டிலும் பட்டை போட்டுக்கொண்டுதான் பிள்ளைகளின் முழங்காலைத் திருத்துவார்.

"கீழ உடற்பயிற்சிக்கூடம் வருதாம் அக்கா. நம்மளை நாலாவது மாடிக்குப் போகச் சொல்லிட்டாங்க. சின்ன இடம்தான். ஆனா விட்டா வேற கிடைக்காது."

"பியானோ?"

"அதான் யோசனையா இருக்கு. படிக்கட்டு திரும்புற இடம் ரொம்பக் குறுகல். லிஃப்ட்ல போகுமான்னு உங்க வீட்டுக்காரரை ஒரு எட்டு வந்து பார்க்கச் சொல்றீங்களா?"

மறுநாள் அவர் வந்தார். அளவுநாடாவை இழுத்துப் பியானோவை அளந்தார், லிஃப்டை அளந்தார், படிக்கட்டுத் திருப்பத்தில் குனிந்து நிமிர்ந்து அங்கேயும் அளந்தார். பிறகு மறுபடியும் பியானோவை அளந்தார். முதல் அளவிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. நல்ல சேதி இல்லாதபோதுதான் அவர் எதையும் இரண்டாம் தடவை அளப்பார்.

"சாய்ச்சுப் பார்த்தாக்கூட நுழையாது டீச்சர்," என்றார். "காலைக் கழட்டினாலும் நுழையாது. நான் பார்க்கிற வேலையில இதுக்கு வழி இருந்தா உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?"

திரும்பிப் போகும்போது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "லிஃப்ட்டு அகலத்தைக் கூட்ட முடியாதும்மா" என்று மட்டும், ஏதோ அவரே அதைச் சின்னதாகக் கட்டிவிட்டதுபோல் சொன்னார்.

பியானோ கட்டடத்தின் சொந்தக்காரருடையது. அது கூடத்திலேயே கிடக்கும். மாடியில் ஒரு ஸ்பீக்கர் போதும் என்றார் டீச்சர். சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாதவர்.

"நீங்க வாசிச்சு எல்லாத்தையும் பதிஞ்சு குடுத்துட்டீங்கன்னா, அதை வெச்சு ஓட்டிக்குவேன். இதை எப்படி உங்ககிட்ட கேட்கிறதுன்னு தெரியாம நாலு நாளா முழிச்சுக்கிட்டு இருக்கேன் அக்கா. தப்பா நினைக்காதீங்க."

அவள் தப்பாக நினைக்கவில்லை. தன் வேலைக்குத் தானே குழி தோண்டிக்கொடுக்க வேண்டும் என்பதில் அவளுக்குக் கோபம் வரவேண்டும்தான். வரவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு உடம்பு வேண்டியிருக்கிறது. "சரி டீச்சர், லீவு நாள்ல வர்றேன்" என்றாள்.

பிள்ளைகள் இல்லாத கூடம் வெறும் மரத்தரையும் வெயிலுமாக இருந்தது. டீச்சர் சின்ன ரெக்கார்டர் ஒன்றைப் பியானோமேல் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் மடக்குவதற்கு ஒன்று, பாதம் நீட்டுவதற்கு ஒன்று, குதிப்பதற்கு ஒன்று என்று அவள் வரிசையாக வாசித்துக்கொண்டே போனாள். எல்லாம் எட்டு எட்டாக வெட்டி அளவெடுத்த சரக்கு. நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாததால் சீக்கிரம் முடிந்தது. இத்தனை வருஷ உழைப்பு மூன்று மத்தியானத்துக்குத்தான் வந்தது.

மூன்றாவது மத்தியானம் டீச்சர், "இன்னும் எதாவது பாக்கி இருக்கா அக்கா?" என்று கேட்டார்.

"பிள்ளைங்க கையைத் தூக்கி நடக்கிறதுக்கு ஒண்ணு வாசிப்பேனே, அது இருக்கு. குடைக்காரரோடது."

"ஆ, அது எனக்குப் பிடிச்சது. வாசிங்க."

நோட்ஸை விரித்தாள். ஓரமெல்லாம் பென்சிலால் அவள் போட்ட குறிகள். இங்கே ஒன்று சேர், இங்கே இரண்டு விடு. என்ன நினைத்தாளோ, அன்றைக்கு அந்தப் பென்சில் குறிகளைப் பார்க்காமல் அச்சில் இருந்ததை மட்டும் வாசித்தாள். திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஒட்டுப்போடக் கைக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

டீச்சர் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஐந்து, ஆறு, ஏழு என்று வாய் முணுமுணுத்தது. எட்டாவதுக்குக் காலைத் தூக்கியபோது பாட்டு அவரை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஒற்றைக்காலில் தடுமாறி, கம்பியைப் பிடித்தார்.

"அக்கா, ஒண்ணைச் சாப்பிட்டுட்டீங்க."

"நான் சாப்பிடலை டீச்சர். அவர் பரிமாறவே இல்லை."

"என்னது?"

"இது ஏழு. அவர் ஏழாத்தான் எழுதியிருக்கார். நான்தான் ஒண்ணு ஒட்டவெச்சு வாசிச்சுக்கிட்டு இருந்தேன்."

டீச்சர் ரெக்கார்டரை நிறுத்தினார். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தார்.

"அந்த எட்டாவதுலதான் பிள்ளைங்களை மூச்சு விடச் சொல்லுவேன்."

"தெரியும். அதுக்காகத்தான் அங்க ஒட்டினேன்."

"எல்லாப் பாட்டும் இப்படியா?"

"அநேகமா. கப்பல்காரர்ல பாதி என் வெட்டுத்தான். மோட்டார்பையன் எழுதினது ஒண்ணு, நீங்க கேட்டது வேற."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?"

டீச்சர் யோசித்தார். பொய் சொல்ல வராதவர். "வேற பாட்டு வாசிக்கச் சொல்லியிருப்பேன்" என்றார்.

"அதான்."

 பிறகு டீச்சர், "முழுசா வாசிங்க, கேட்கிறேன்" என்றார். அந்தக் கூடத்தில் அவரை உட்கார்ந்து பார்த்ததே அவளுக்குப் புதிதாக இருந்தது.

அவள் வாசித்தாள். ஒவ்வொரு வரியும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பவர் பேச்சு முடியுமுன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்குவதுபோல் முடிந்தது. இடதுகை யாருக்காகவும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. வலதுகை பின்னாலேயே ஏதோ சொல்லிக்கொண்டு ஓடியது. கடைசிக்கு முந்தின பக்கத்தில் இரண்டும் ஒருதரம் சேர்ந்து நின்றன. அந்தப் பக்கத்தை அவள் வகுப்பில் ஒருதடவைகூட வாசித்ததில்லை. அது வருவதற்குள் யாருடைய இடுப்பாவது கோணிவிடும். ஒன்றிரண்டு இடத்தில் விரல் வழுக்கியது. அப்படியே போனாள்.

முடிந்ததும் டீச்சர் எதுவும் பாராட்டவில்லை. "யாரு இவரு? என்ன ஆனாரு?" என்று கேட்டார்.

"தெரியலை. எங்கேயோ பியானோ சொல்லிக்கொடுத்திருக்கார்னு ஒரு வரி படிச்சேன். அவ்வளவுதான்."

"சொல்லிக்கொடுத்துட்டு வந்து எழுதியிருப்பார்."

"ஆமா. அசந்துபோய் எழுதியிருப்பார். அதான் எட்டாவதுக்கு நிக்கலை போல."

டீச்சர் சிரித்தார். பிறகு, "கடைசி வகுப்புல இதை வெச்சுப் பார்க்கலாமா? பெரிய பிள்ளைங்களுக்கு மட்டும்," என்றார்.

கடைசி வகுப்புக்குப் பெரிய பிள்ளைகள் பத்துப்பேர் வந்திருந்தார்கள். "இன்னிக்கு எண்ணக்கூடாது. கேட்டு நடக்கணும்" என்றார் டீச்சர். எண்ணியே வளர்ந்த பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதல் தடவை சந்தைக்கடை மாதிரி ஆனது. ஒரு பிள்ளை நின்றுவிட, பின்னால் வந்தவள் மோத, இரண்டுபேர் கையைக் கோத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். இரண்டாம் தடவையும் அப்படித்தான். டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "மறுபடி" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் தடவை பாதிக்குமேல் ஒரு மாற்றம் வந்தது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் கண்ணால் பார்க்கவில்லை. காலடிச் சத்தம்தான் சொன்னது. தடதடவென்று வந்துகொண்டிருந்த பத்து ஜோடிக் கால்கள், வரி முடிகிற இடங்களில் ஒன்றாக, லேசாக, முன்னால் சாய்ந்தன. நின்று மூச்சு விடாமல், போகிறபோக்கில் மூச்சு விட்டுக்கொண்டன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசிக்கு முந்தின பக்கம் வந்தது. அதையும் வாசித்தாள். முடிவும் வந்தது. ஒரு வகுப்பில் முதல்முறையாக ஒரு பாட்டு முழுசாக முடிந்தபோது அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருந்துச்சே. யாரு பாட்டு இது?"

அவள் எழுத்துக்கூட்டிப் பெயரைச் சொன்னாள். அது பெயர்தான் என்று அந்த அம்மாவுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. "ஓஹோ," என்று தலையாட்டிவிட்டு, "மாடிக்குப் போனா நேரம் மாறுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் விடைபெறல். பிள்ளைகள் கைகாட்டிவிட்டுப் போனார்கள். அவள் நோட்ஸ்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். பெட்டியை வீட்டுக்காரர் தோளில் தூக்கிக்கொண்டார். பியானோவை மூடும்போது கொஞ்சம் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். பசிதான் எடுத்தது.

அடுத்த சில வாரங்கள் அவள் தூங்கினாள். காலையில் வீட்டுக்காரர் கிளம்பியதும் படுத்தால் வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் எழுந்திருப்பாள். சாயங்காலம் பிள்ளைகள் வரும் நேரத்தில் கை தானாகப் பரபரக்கும். பிறகு அதுவும் அடங்கியது. முன்னறையில் பழைய மின்பியானோ ஒன்று இருந்தது, சட்டை மடித்து வைக்கத்தான் பயன்பட்டுக்கொண்டிருந்தது. சட்டைகளை அவள் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார். மூன்று மாடி ஏறி வந்ததில் முகம் வெளிறியிருந்தது. இந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. "ஊர் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் வீட்டுல லிஃப்ட் இல்லையா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு சோபாவில் விழுந்தார்.

"ஸ்பீக்கர் எப்படி இருக்கு?" என்றாள் அவள்.

"அதுபாட்டுக்கு வாசிக்குது. நிறுத்தினா நிக்குது. ஒரு குறையும் சொல்ல முடியாது." கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா ஒரு பிள்ளை பின்தங்கினா அதுக்குத் தெரியமாட்டேங்குது அக்கா. நீங்க சுவரைப் பார்த்துக்கிட்டே எப்படித்தான் கண்டுபிடிச்சீங்களோ."

 டீ வந்தது, குடித்தார்கள். டீச்சர் முழங்கால் பட்டையைத் தளர்த்திவிட்டு, காலை முக்காலிமேல் நீட்டினார்.

"அன்னிக்கு ஒருத்தரைத்தான் முழுசாக் கேட்டேன். அந்தக் கப்பல்காரரை வாசிங்களேன். வெட்டாம, ஒட்டாம. எண்ணமாட்டேன், சத்தியமா."

வீட்டுக்காரர் எழுந்து, சட்டைகளை அள்ளிக் கட்டில்மேல் போட்டார். அவள் மின்பியானோமுன் உட்கார்ந்தாள். பியானோக் கட்டைகள் இலேசாக, விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தன. ஒரு கட்டை அழுத்தினால் மேலே வருவேனா என்றது. நோட்ஸில் இருந்த தன் பென்சில் குறிகளை அழிக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும் என்பதால், அவற்றைப் பார்க்காதமாதிரி வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது பக்கம் திருப்பும்போது டீச்சரின் தலை சோபாவில் சாய்ந்திருந்தது. வீட்டுக்காரர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி உறங்கிப்போயிருந்தார். மணிக்கட்டு கடுத்தது. அவர்களை எழுப்ப வேண்டாமென்று மெல்லக் கையை எடுத்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமலே.

"தூங்கிட்டீங்கன்னு நினைச்சேன்."

"தூங்கத்தான் பார்த்தேன். விடமாட்டேங்குறாரே உங்க கப்பல்காரர்."

அவள் மணிக்கட்டை ஒருதரம் உதறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.